பெயர் சொல்லாமல் அவர் செய்த ஒரே அறிவிப்பு

செல்லையா மாமா இறந்த செய்தி அவருடைய ஆட்டோவிலேயே எங்கள் தெருவுக்கு வந்தது. ஒலிபெருக்கியில் பேசியது அவருடைய மகன். பாதியில் மைக்கை அணைத்துவிட்டார். ஆட்டோ சிறிது தூரம் பேச்சில்லாமலே போனது. அப்போதுதான் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள்.

உங்களுக்கு அவரைத் தெரியும். மாப்பிள்ளையூரணியிலிருந்து துறைமுகம் வரை எந்த வீட்டில் சாவு என்றாலும், எந்தக் கோயிலில் கொடை விழா என்றாலும் அவர்தான் அறிவித்துக்கொண்டு போவார். போன வருடம் கடல் விழாவுக்கும் அவரைத்தான் அழைத்தார்கள். கடல் சூடாகிக்கொண்டே வருவதைப் பற்றி இந்தக் கரையிலும் எதிரே இலங்கைக் கரையிலும் ஒரே மாலையில் கூடிப் பேசும் விழா. பழக்கதோஷத்தில் அவர் அதையும் "ஆழ்ந்த வருத்தத்துடன்" என்று இழவுக் குரலில் தொடங்கிவிட்டார். பெண்கள் பதறி ஓடிவந்து, "யாரு அண்ணாச்சி போனது?" என்று கேட்டார்கள்.

"யாரும் போகல தாயி. கடலுக்குக் காய்ச்சல். பாக்க வாங்க" என்றார். பாதிக் கூட்டம் அதற்காகவே வந்தது.

விழாவில் எதிர்க்கரை மீனவர் ஒருவர் கைபேசியில் பேசினார். மாமா அதை மைக்கின் அருகே பிடித்துக்கொண்டார். "எங்கட கடலும் சுடுது" என்று அந்த மீனவர் சொன்னதும், "அதென்னலே ஒங்க கடலு?" என்று இங்கே ஒருவர் சத்தம் போட்டார். "சட்டியும் ஒண்ணு, அடுப்பும் ஒண்ணு. பேசாம கேளும்வே" என்றார் மாமா. இரண்டு கரையிலும் சிரித்தார்கள்.

அடுத்து நான் பேச வேண்டும். என் அப்பா துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் வேலை செய்கிறார். "கரிதான் நமக்குச் சோறு. அதைக் கொறை சொல்லுத மேடையில ஏறுனா, அத்தோட பள்ளிக்கூடம் நின்னுரும்" என்று சொல்லியிருந்தார். அவரே கூட்டத்தில் நிற்பதைப் பார்த்ததும் நான் ஆட்டோவுக்குப் பின்னால் ஓடினேன்.

"என்ன ஏளா, பேயக் கண்டியா?" என்றார் மாமா.

"அப்பா வந்திருக்காவ மாமா."

"அப்ப ஆட்டோவுக்குள்ள இருந்து பேசு. இந்தக் கொழா ஸ்பீக்கர்ல பேசுனா என் பெஞ்சாதிக்கே என் கொரல் தெரியாது."

"அடுத்து ஒரு பிள்ளை பேசும்" என்று மட்டும் அறிவித்தார். பவளப்பாறைகள் வெளுத்துப்போவதைச் சொன்னேன். கரியை நிறுத்தினால், அதை இறக்குகிறவர்களுக்கு வேறு வேலை யார் தருவார்கள் என்றும் கேட்டேன். அன்று சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம், "ஒரு பிள்ள பேசிச்சு பாரு. எங்களுக்கு வேற வேல யாரு தருவான்னு கேட்டுச்சு. எவன் பெத்த பிள்ளையோ!" என்றார். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மாமாவிடம் இதைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது. "சாவோ கல்யாணமோ, பேரு, யாரு பிள்ள, எந்தத் தெருன்னு சொல்லாம நான் மைக்க வச்சதே இல்ல. ஒன்ன மட்டும் பேரில்லாம சொல்லிட்டேன். மனசே கேக்கல ஏளா. அடுத்த வருசம் சொல்லிருவோம்."

இந்த வருட விழா ஞாயிற்றுக்கிழமை. அவரை நினைத்து ஒரு பக்கம் வாசிக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள். அப்பா அடுத்த அறையில் தூங்குகிறார். அவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் தாளைப் பாடப் புத்தகத்துக்குள் தள்ளிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவேன் என்றதை அவர் இன்னும் திரும்பப் பெறவில்லை. மாமா மேல் உள்ள மரியாதைக்காக அவரும் வருவார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு முறை மறுபடி எழுதிவிட்டேன்.

மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் அறிவிக்கும் முறையைத்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்க்கும்படி நின்று, அதன்படியே இதை வாசித்து முடிப்பேன்.

என் பெயர் எஸ்தர். துறைமுகத்தில் கரி இறக்கும் ஞானராஜின் மகள். மில்லர்புரம், தண்ணீர்த்தொட்டித் தெரு.

அப்பா, அன்றைக்குப் பேசிய பிள்ளை நான்தான்.