கண்ணாடிக்காரர் வீட்டுத் தாதா

பிப்ரவரி 12, வியாழக்கிழமை. விடிந்ததிலிருந்து விட்டுவிட்டுத் தூறல், காற்று அசையவில்லை. மூன்றாம் மாடியிலுள்ள தம் வீட்டில், மீன்தொட்டிக்கும் சுவருக்கும் இடையே கிடந்த எதையோ கண்ணாடிக்காரர் குனிந்து எடுத்தார். விரல் நீள மீன். காய்ந்து, உதிர்ந்த இலைக்காம்புபோல் வளைந்திருந்தது. தொட்டியின் வலைமூடியில், மின்கம்பி நுழைவதற்காக அவரே வெட்டிய இடைவெளி வழியே அது வெளியே துள்ளியிருக்கிறது.

மூக்குக்கண்ணாடிக் கடையொன்றின் பின்னறையில் வில்லைகளை அரைத்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் தொழில், அதனால்தான் அப்பெயர். மனைவி காலமான பின், கூடத்தில் ஏதேனும் ஓர் அசைவு இருக்கட்டும் என்று மகன் இந்தக் கடல்நீர்த் தொட்டியை வாங்கி வைத்தான். சில வாளித் தண்ணீர் கொள்ளும் சிறு தொட்டி. உள்ளே கொஞ்சம் பாறை, இரண்டொரு பவளத் துண்டுகள். அடுத்த ஆண்டே அவன் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டான்.

தொடக்கத்திலேயே ஒரு பிழை நேர்ந்திருந்தது. புதுத் தொட்டியின் நீர் பக்குவப்படும்வரை தாக்குப்பிடிக்கும் என்று, முரட்டு நீல டாம்சல் மீனையே மகன் முதலில் விட்டான். நீர் பக்குவப்பட்டது, மீன் பக்குவப்படவில்லை. முதலில் குடியேறியது தானென்பதால், தொட்டி முழுவதையும் அது தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டது. அதன் அட்டகாசத்தைப் பார்த்து மகனே அதற்குத் 'தாதா' என்று பெயரிட்டான்.

தாதாவோடு அங்கே தாக்குப்பிடித்தது ஒரு துப்பாக்கி இறால் மட்டுமே. கொடுக்கைச் சொடுக்கி 'டப்'பென்று ஓசை எழுப்பும். மணலில் வளை தோண்டும். ஆனால் அதற்குப் பார்வை மிக மங்கல். உளுவை இனத்தைச் சேர்ந்த கோபி என்னும் மீன் வளைவாசலில் காவல் நிற்க, அதன் மேல் தன் மீசையை வைத்தபடியே இறால் வெளியே வரும். மீன் வாலை அசைத்தால் ஆபத்து என்று பொருள். இரண்டும் உள்ளே போய்விடும். அந்தக் காவல் மீனைத்தான் தாதா விரட்டி விரட்டி வெளியே துள்ளவைத்துக் கொன்றிருந்தது. அந்தக் கோபியை வாங்கி விட்ட அன்று, பழைய மீன் தன் எல்லையை மறக்கட்டும் என்று, மீன் வளர்ப்போர் வழக்கப்படி பாறைகளையெல்லாம் மாற்றி அடுக்கியிருந்தார். தாதா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் புது எல்லை வகுத்துக்கொண்டது.

காவல் மீன் போனது முதல் இறால் வெளியே வரவில்லை. வளைக்குள்ளிருந்து எப்போதாவது 'டப்' என்று கேட்கும். தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும் கண்ணாடிக்காரர் குழாயை மூடிவிட்டுக் காதுகொடுப்பார். அந்த வீட்டில் அவர் உண்டாக்காத ஓசை அது ஒன்றுதான்.

சனிக்கிழமை மீன்கடைக்குப் போனார்.

"மறுபடியும் கோபியா? உங்க தாதாவுக்கு ஆள் அனுப்பவா அண்ணே நான் கடை வச்சிருக்கேன்?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு பேரோடயும் ஒத்துப்போற மாதிரி வேற ஏதாவது?"

"அந்தச் சின்னத் தொட்டியிலயா? தாதாவோட ஒத்துப்போறது தாதா மட்டுந்தான். எறாலுக்குத் துணை வேணும்னா அவரைப் பிடிச்சு இங்க கொண்டாங்க, பெரிய தொட்டியில போட்டுக்கறேன். இல்லன்னா எறாலுக்கு நீங்களே ஒரு கண்ணாடி மாட்டி விடுங்க. உங்க தொழில்தானே?"

"பவர் பாக்கணும்னா அது வெளிய வரணுமே."

கடைக்காரர் சிரித்தார். கண்ணாடிக்காரர் வெறுங்கையோடு திரும்பினார்.

தாதாவைக் கொடுப்பது அவருக்கு எளிதன்று. ஞாயிறுதோறும் மகன் காணொளியில் அழைப்பது அதைப் பார்ப்பதற்காகவே என்று அவர் நம்பினார். அழைப்பு வந்ததும் கைப்பேசியைத் தொட்டிக்கு எதிரே சாய்த்து வைப்பார். மகன் மீனைப் பார்த்துக்கொண்டே பேசுவான். தந்தை கைப்பேசியின் முதுகைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார். தாதா போனால் இதுவும் போய்விடுமோ என்பதே அவருடைய அச்சம்.

மறுநாளும் அழைப்பு வந்தது.

"எறா எங்கப்பா?"

"உள்ள இருக்கு."

"தாதா ராஜா மாதிரி இருக்கான்பா. தொட்டியே அவனுதுதான்."

மகன் வைத்த பிறகு அவர் தொட்டியருகே அமர்ந்தார். விரட்ட வேறு எவரும் இல்லாமையால், தாதா கண்ணாடியில் தெரிந்த தன் நிழலையே முட்டிக்கொண்டிருந்தது. வளையிலிருந்து ஓசையே இல்லை. வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு எழுந்து, ஒரு தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே தீனி வைத்துத் தொட்டியில் இறக்கினார். எவருக்கும் முந்தித் தின்று பழகிய தாதா, தானே உள்ளே போய் மாட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை அதைக் கடையில் விட்டுவிட்டு, மஞ்சள்நிறக் கோபி ஒன்றை வாங்கி வந்தார். மூடியின் இடைவெளியையும் வலைத்துண்டால் அடைத்தார். புது மீன் சில நாள் பாறையடியிலேயே பதுங்கிக் கிடந்தது. வாரக் கடைசியில் ஒரு மாலை, அவர் வேலை விட்டு வந்தபோது, வளைவாசலில் மஞ்சள் மீன் நின்றது. அதன் மேல் மெல்லிய மீசையொன்று படிந்திருந்தது. அவர் செருப்பைக் கழற்றாமலே நெடுநேரம் நின்றார்.

ஞாயிறன்று கைப்பேசியை வழக்கமான இடத்தில் வைத்தார். அது அருகே வந்ததுமே மீனும் இறாலும் வளைக்குள் போய்விட்டன.

"தாதா எங்கப்பா?"

"கடையில குடுத்துட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? நான் வாங்குன மீனு" என்றான்.

"எறா தனியா இருந்துச்சு. அவன் யாரையும் அண்ட விடல."

"இப்ப வெறும் மணல்தான் தெரியுது."

"ஆமா. வெளிய வர நேரமாகும்." அழைப்பைத் துண்டிக்கப்போகிறான் என்றே அவர் நினைத்தார்.

"சரி, போனை உங்க பக்கம் திருப்புங்க."

திருப்பினார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார்.

"என்னப்பா, இப்படி இளைச்சிட்டீங்க?"

"வெளிச்சம் அப்படி."

மகன் சற்று நேரம் அவரையே பார்த்தான். "தனியா இருக்கறது கஷ்டமா இருக்காப்பா?"

"இருக்கு" என்றார்.