சுக்கு என்று எழுதிய பெட்டி

பிஜித் தீவில் சிகடோகா என்ற ஊரில் எல்லோரும் அரிசியும் மாவும் வாங்கிப் பதுக்கிக்கொண்டிருந்த நாட்களில் நான் புகையிலை வாங்கிப் பதுக்கினேன். இதைச் சொல்ல இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது. இந்தியர் கைக்கு ஆட்சி போகக்கூடாது என்று ஒரே வருடத்தில் இரண்டு முறை ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. ஊரில் பாதிப் பேர் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் கிளம்புவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டிலும் சேராமல் ஒரு பழுப்பு நிற டப்பாவைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

நான் தமிழ்நாட்டிலிருந்து கணக்கு வாத்தியாராக வந்தவன். மூன்று வருட ஒப்பந்தம் என்று வந்து பதினான்கு வருடம் ஓடிவிட்டது. என் மனைவி அங்கேயே பிறந்தவள். கரும்பு போடும் குடும்பம். மதராஸிலிருந்து கப்பலேறி வந்த கூலிகளின் வழியில் நான்காம் தலைமுறை. தமிழ் அவளுக்குக் காதில் விழுந்த பாஷை. வீட்டில் பேசுவாள், இடையிடையே இந்தி கலக்கும், எழுதப் படிக்கத் தெரியாது. எங்களுக்குப் பத்து வயதில் ஒரு பெண். அவளுக்குத் தமிழில் திட்டினால் மட்டும் புரியும்.

பைப் பழக்கம் பள்ளிக்கூடத்தில் தொற்றியது. நியூஸிலாந்துக்காரர் ஒருவர் எங்களோடு வேலை பார்த்தார். ஊர் திரும்பும்போது தன் பைப்புகளில் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் பிடித்த அதே புகையிலையைத்தான் நானும் பிடித்தேன். டப்பாவைத் திறந்தால் வெல்லப் பாகு காய்கிற மாதிரி ஒரு வாசனை வரும். சாயங்காலம் நோட்டுத் திருத்தும்போது ஒரு பைப், அவ்வளவுதான். அதைப் பிடிக்கிற நேரத்தில் மட்டும் என்னை நானே மதிப்பேன். வேறு நேரங்களில் அவ்வளவாக மதித்ததில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த குஜராத்திக் கடையில்தான் வாங்குவேன். ஒரு நாள் கடைக்காரர் டப்பாவைத் துடைத்து என் முன்னால் வைத்துவிட்டு, "மாஸ்டர், ஈ ஆக்ரி ஹை. அப் நை ஆயி" என்றார். இதுதான் கடைசி, இனி வராது. கம்பெனியே அந்த ரகத்தைச் செய்வதை நிறுத்திவிட்டதாம். தலைநகர் சுவாவில் இருந்த புகையிலை ஏஜெண்டும் கடையைக் கட்டிக்கொண்டு கனடா போகிறாராம். "நானும்தான் போறேன்" என்று அவர் சேர்த்துச் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. என் மனசு டப்பாவிலேயே நின்றுவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நாந்திக்குப் பஸ் ஏறுவேன். அங்கே இரண்டு டப்பா கிடைக்கும். அடுத்த வாரம் லௌடோகா. ஹோட்டல்களில் வெள்ளைக்காரர்களுக்கு விற்கும் கடைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்த்த சிப்பாய் ஒருவன் என் பழைய மாணவன். "ஸார், குண்டா?" என்று கேட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் ஒரு டப்பாவை எடுத்துக்கொள்வானோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நியூஸிலாந்துக்குக் குடியேறும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவியின் அண்ணன் முதல் ராணுவப் புரட்சி முடிந்த கையோடு அங்கே ஆக்லாந்து போய்விட்டார். இங்கே ஹெட்மாஸ்டராக இருந்தவர், அங்கே கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. தமிழ் எழுதப் படித்தவர்; தமிழில் போட்ட கடிதத்தில் அதை வேடிக்கையாக எழுதியிருந்தார். என் மனைவி சிரித்துக்கொண்டே படிக்கச் சொல்லிக் கேட்டாள். நான் அந்த வரியை வேகமாகப் படித்துத் தாண்டினேன்.

"என்னாங்க, எப்போ ஃபாரம் வாங்கியாருவீங்க?" என்பாள்.

"சுவாவுக்குப் போகணும். லீவு கிடைக்கல."

"சனிக்கிழம போங்களேன்."

போனேன். சனிக்கிழமை விசா ஆபீஸ் மூடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். அந்தப் புகையிலை ஏஜெண்டு கனடா கிளம்புமுன் அவரிடம் மிச்சம் இருந்ததைப் பார்த்துவிட வேண்டும். மாடியில் ஒரு அறை முழுக்க அட்டைப் பெட்டிகள். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடித் தருவதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஓடக்கூடாது என்று ராணுவம் சட்டம் போட்டிருந்த சமயம் அது. தெரிந்தவர் வீட்டுத் திண்டில் முதுகைச் சாய்த்து ஒரு பகல் முழுவதையும் தள்ளினேன். எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது. திங்கட்கிழமை காலை வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் முகம் வீங்கியிருந்தது.

"ஆபீஸ் மூடியிருந்தது" என்றேன்.

அவள் என் கையிலிருந்த கனமான பையைப் பார்த்தாள். அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். புத்தகம் என்று சொல்லத் தயாராக வைத்திருந்த பொய்க்கு வேலையே வரவில்லை.

டப்பாக்களை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி அலமாரி மேல் வைத்தேன். வெறுமனே வைத்தால் என்ன ஏது என்று திறந்து பார்ப்பாள். அதனால் ஒரு காகிதத்தில் தமிழில் 'சுக்கு' என்று எழுதி ஒட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. கேட்டால் ஏதோ ஊர் மருந்துச் சாமான் என்று சொல்லிவிடலாம். பதினான்கு வருடம் அந்த ஊரில் குப்பை கொட்டிய ஒரு ஆள் இவ்வளவு பெரிய முட்டாளாக இருக்க முடியுமா என்றால், முடியும்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை வீட்டில் சின்ன பூஜை. பயணக் காரியம் தடையில்லாமல் முடியட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டு ஏற்பாடு செய்தது. கோயிலுக்குத் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த குருக்களை அழைத்திருந்தாள். நான் வேட்டி கட்டி மணையில் உட்கார்ந்து விரலில் தர்ப்பையும் மாட்டியாகிவிட்டது. குருக்களுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மந்திரம் எடுத்தால் இருமல்.

"அம்மா, கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா? சுக்கு தட்டிப் போட்டா தேவலை" என்றார்.

"அது என்னா சாமி?" என்றாள் அவள். காய்ந்த இஞ்சிக்கு அவர்கள் வீட்டுப் பேச்சில் இந்திப் பேர்தான்.

குருக்கள் சுற்றிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "என்ன இப்படிக் கேக்கறேள்! அதோ அலமாரி மேலே பெட்டி நிறைய வச்சிருக்கேளே. சுக்குன்னு பெரிசா எழுதியிருக்கே!"

அவள் பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "சுக்கியா?" என்றாள்.

அந்த ஊர்ச் சந்தையில் பிஜிக்காரப் பெண்கள் கயிறு மாதிரி முறுக்கி விற்கும் நாட்டுப் புகையிலைக்கு சுக்கி என்று பேர். குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். எழுதும்போது மட்டும் என் புத்தி பதினான்கு வருடம் பின்னால், என் அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குள் போய் நின்றிருக்கிறது.

"நீங்க எப்போலேந்து சுக்கி பிடிக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டூலைப் போட்டு ஏறினாள். சிரித்துக்கொண்டுதான் ஏறினாள். மகளும் சிரித்தாள். தர்ப்பை மாட்டிய விரலோடு நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. பெட்டி திறந்தது. அவள் சிரிப்பு நின்றது.

"சுக்கு இல்லையாம்மா?" என்று கேட்டார் குருக்கள், பாவம்.

"இல்ல சாமி. நீங்க பூஜய முடிங்க."

அவர் வெறும் வெந்நீரைக் குடித்துவிட்டு, தடையில்லாமல் பயணம் அமைய வேண்டும் என்று எங்கள் மூன்று பேர் நட்சத்திரத்தையும் சொல்லி முடித்தார். நானும் அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னேன்.

அவர் போனதும் அவள் மகளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பினாள். டப்பாக்களை எடுத்து வந்து கட்டிலில் வரிசையாக வைத்தாள். அறுபத்து மூன்று. நான் எண்ணியே பார்த்ததில்லை. கட்டில் விளிம்புவரை வந்துவிட்டது.

"ஒண்ணு எத்தன நாளிக்கி வரும்?"

"பத்து நாள் வரும்."

கணக்கு வாத்தியார் வீட்டில் அவள்தான் விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். எனக்கு விடை முன்னாலேயே வந்துவிட்டது.

"ரெண்டு வருசம் கிட்ட ஆவுது" என்றாள். "அங்க கஸ்டம்ஸ்ல ரெண்டு மூணு டப்பாக்கு மேல உட மாட்டான்னு அண்ணன் எளுதிச்சு. நீங்கதான் படிச்சுச் சொன்னீங்க. அப்போ இது யாருக்கு?"

"கம்பெனி நிறுத்திட்டான். இனிமே கிடைக்காது, அதனால..."

"நா தம்பாக்கப் பத்திக் கேக்கல."

எனக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம். என்னென்னவோ கத்தினேன். அங்கே போய் நான் யார், உன் அண்ணன் மாதிரி கோழி வெட்டச் சொல்கிறாயா, இந்த வயதில் யார் எனக்குக் கரும்பலகை கொடுப்பான் என்றெல்லாம் கேட்டேன். கடைசியில் குரல் தாழ்ந்து, "எனக்குப் பயமா இருக்கு" என்றேன். மாதக்கணக்காக ஊர் ஊராக அலைந்ததெல்லாம் இந்த மூன்று வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவள் கட்டில் ஓரத்தில் டப்பாக்களை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீங்க ஒரு வாட்டி ஊர உட்டுட்டு வந்தவங்க. எப்பிடி உடறதுன்னு ஒங்களுக்குத் தெரியும். நா ஒரு வாட்டிகூட உட்டதில்ல. இது எங்க ஊரு. இந்த நதியில நா துணி தொவச்சிருக்கேன். என்னயப் பாத்து ரோட்டுல 'ஒன் ஊருக்குப் போ'ன்னு கத்துறான். எந்த ஊருக்குப் போவேன்? நாதான் பயப்படணும். நீங்க பயந்துட்டீங்க, அதனால எனக்குப் பயப்படவே நேரமில்லாம போச்சு."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். நான் டப்பாக்களைப் பெட்டியில் போட்டேன். ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தேன். ஞாயிறு முழுவதும் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஒரு பைப்கூடப் பற்றவைக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு முதல் பஸ்ஸில் சுவா போனேன். அவளிடம் எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. இன்னொரு முறை வாக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வர எனக்குத் தைரியம் இல்லை. சுவாவுக்குப் போகும் குயின்ஸ் ரோட்டில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் இறங்கிவிடலாமா என்றுகூட ஓரிடத்தில் எழுந்து நின்றேன். கண்டக்டர், "ஸ்டாப்பா?" என்றான். உட்கார்ந்துவிட்டேன்.

விசா ஆபீஸில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். குடும்பத்தோடு குடியேற மனு வேண்டும் என்றேன். பேரையும் விலாசத்தையும் கேட்டு எழுதிக்கொண்டவர், எழுதியதைத் திரும்பப் பார்த்தார். எழுந்து போய் ஒரு ஃபைலோடு வந்தார்.

"இந்த விலாசத்திலிருந்து ஏற்கெனவே ஒரு மனு வந்திருக்கிறதே" என்றார்.

என் மனைவியின் கையெழுத்து. அவள் பள்ளிக்கூடத்தில் படித்த, கொஞ்சம் சாய்ந்த ஆங்கில எழுத்து. தேதியைப் பார்த்தேன். நான் சுவாவில் சிக்கிக்கொண்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து, செவ்வாய். அன்று முழுக்கத் தன் அக்கா வீட்டில் இருந்ததாகச் சாயங்காலம் என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் பேர், மகள் பேர் எல்லாம் நிரப்பியிருந்தது. கணவர் உடன் வருகிறாரா என்ற கேள்விக்குப் பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். இரண்டும் காலியாக இருந்தன.

"இதை நிரப்பாமல் மனுவை எடுக்க முடியாது என்று சொன்னேன்" என்றார் அதிகாரி. "கணவரே வந்து நிரப்புவார், இந்த மாதக் கடைசிவரை வைத்திருங்கள் என்று உங்கள் மனைவி கேட்டுக்கொண்டார். அதற்குள் நீங்கள் வராவிட்டால் 'இல்லை' என்பதில் நானே குறி போட்டுவிடலாம் என்றார்."

சுவரில் காலண்டர் தொங்கியது. மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. அதிகாரி பேனாவை நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றேன். அறுபத்து மூன்று டப்பாவைக் கட்டிலில் வைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தாளே, நானும் அவ்வளவு கத்தினேனே, அப்போதுகூட அவள் இதை என்னிடம் சொல்லவில்லை.