ஆள் எங்கே நிற்கிறான்?

காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றார் லூர்து பிரகாஷ். வில்லியனூர் மாதா கோயில் குளத்தோரம், என் மெழுகுவத்திக் கடைக்கு எதிரே, கண் மங்கிய ஓர் அம்மாள் ஏற்றிய வத்தி மூன்று தடவை அணைந்துவிட்டது. நாலாவது தடவை, சும்மா பராக்குப் பார்ப்பவர்போல இவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஜெபமாலை முடியும்வரை நகரவில்லை. "காத்து நின்னுடுச்சு, மாதாவே" என்று அந்த அம்மாள் கும்பிட்டதும், என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு நடந்தார்.

ஒதியம்பட்டுக்காரர். வயது முப்பத்தெட்டு. குரோஷியாவில் கடலோரத்து ஓட்டல் ஒன்றில் சமையல்கட்டு வேலை. எட்டு மாதம் அங்கே, குளிர்காலத்துக்கு ஊர். பேன்ட் பையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் குரோஷிய பாஷை. சனிக்கிழமை பூசை முடிந்ததும் என் ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தபடி அதைப் படிப்பார்.

யார் எதைச் சொன்னாலும் "யாரு?" என்பார். டீக்கடையில் "பால் பொங்கிடுச்சு" என்றால், "அடுப்புல வச்சது யாரு?"

"வந்துட்டாருப்பா சிபிஐ" என்பார் டீக்கடை வீரமணி.

ஒரு நாள் நானே கேட்டேன், இதில் அப்படி என்ன இருக்கிறது என்று.

"இங்கிலீஷ்ல ஆளு வரிசையில மொத ஆளா நிக்கணும்க்கா. எடம் மாறுனா ஆளே மாறிடும். கடிச்சவன் கடிபட்டவன் ஆயிடுவான். மழ பெஞ்சாகூட சும்மானா ஒரு 'இட்'ட கொண்டாந்து முன்னால நிறுத்துவான். குரோஷியாக்காரன் அப்படி இல்ல. நம்ம பஸ்ல கண்டக்டர் எங்க நின்னாலும் காக்கிச் சட்ட காட்டிக் குடுக்குதில்ல? அந்த மாதிரி. ஆளு எங்க வேணா நிக்கலாம், வார்த்த போட்டுனு இருக்கிற சட்டய, அதான் அதோட வால்ல ஒட்டியிருக்கிற எழுத்தப் பாத்து கண்டுபுடிக்கணும். சில நேரம் ஆளே வரமாட்டான். 'வந்தேன்'னாலே நான்னு தெரியுதில்ல, அதுபோல."

நான் ஐந்தாவதோடு நின்றவள். யார், எது என்று கேட்டால் வருகிற பதில்தான் எழுவாய் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்தது மட்டும் நினைவில் இருந்தது. சொன்னேன். சந்தோஷமாக நோட்டு அட்டையில் எழுதிக்கொண்டார்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பவுல்ராஜ் வந்தால் மட்டும் நோட்டை மூடிவிடுவார். பவுல்ராஜும் ஒதியம்பட்டுதான், அதே ஓட்டலில் வேலை பார்த்தவர். இந்த வருஷம் அவருக்கு அழைப்பு வரவில்லை. சனிக்கிழமை தவறாமல் வந்து அதற்காக ஒரு வத்தி ஏற்றுவார். அவர் போனபிறகு ஒரு தரம் பிரகாஷிடம், "பாவம், அவுர ஏன் கூப்புடல?" என்றேன்.

கடலை உரிப்பது நின்றது.

"போன சீசன்ல சமையல்கட்டுல எண்ண கொட்டி, குக்கு வழுக்கி வுழுந்து கை முறிஞ்சிடுச்சுக்கா. மேனேஜர் கேட்டாரு. எண்ண கொட்டிடுச்சுன்னேன். அவங்க பாஷையிலயும் நம்மள மாதிரி ஆளு இல்லாம சொல்லலாம். பக்கத்துல தர தொடைக்கிற மாப்போட நின்னது பவுல்ராஜு. அவுருதான்னு நெனச்சிட்டாங்க."

"கொட்டுனது யாரு தம்பி?"

ஊரையெல்லாம் அந்தக் கேள்வி கேட்கிறவர், தொலியைக் கையில் அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டார். பிறகு மூன்று சனிக்கிழமை வரவில்லை. அவருக்கும் சேர்த்து மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தோளில் பெரிய பை. கோயில் வளைவுக்கு வெளியே பைக் நிறுத்தி, பவுல்ராஜும் ஒரு பையோடு நின்றிருந்தார்.

"மேனேஜருக்கு எழுதிட்டேன்க்கா, ரெண்டு பாஷையிலயும். ஏஜென்ட்டு ரெண்டு பேரையும் மெட்ராஸ் வரச் சொல்லியிருக்கான். ஆனா ஒரு எடம்தானாம்."

"பவுல்ராஜு இன்னா சொன்னாரு?"

"விஷயத்தச் சொன்னதும் ரெண்டு நாளு எம் மூஞ்சியப் பாக்கல. இன்னிக்கு காலையில வூட்டாண்ட வண்டிய நிறுத்தி, 'ஏறுடா'ன்னாரு."

ஒரே ஒரு வத்தி வாங்கினார். காற்றுக்கு முதுகைக் காட்டி ஏற்றினார். இந்தத் தடவை வாயில் விரல் வைக்கவில்லை. வளைவுக்கு வெளியே நிற்கிறவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"பிளேன் ஏறப் போறது யாருன்னு தெரியலக்கா. எண்ணயக் கொட்டுனது நான்."