நாற்காலி ஒன்று போட்டு வையுங்கள்

அந்த மூன்றாம் மாடி வீட்டில் எந்தக் காலி டப்பாவும் குப்பைத்தொட்டிவரை போய்ச் சேர்ந்ததில்லை. மாத்திரைப் பெட்டி, சோப்பு உறை, தேயிலைப் பாக்கெட்டின் வெள்ளித்தாள், வெங்காயச் சருகு, மாதம் முடிந்த காலண்டர் தாள் எல்லாவற்றுக்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். புருஷன் அவளுக்கு வைத்த பெயர் கத்தரிக்கோல்.

"சட்டைய ஆணியில மாட்டவே பயமா இருக்கு. காலையில பாத்தா பூவா வெட்டி அட்டையில ஒட்டியிருப்பா" என்பான்.

அவள் சிரித்துக்கொள்வாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொல்ல நினைப்பதெல்லாம் ஆள் போன பிறகுதான் வரிசையாக வரும்.

காகிதத்தையும் அவளே செய்தாள். கிழித்த பழைய தாள்களை இரண்டு நாள் வாளியில் ஊறப்போட்டு, ஓய்வுபெற்ற மிக்ஸியில் கூழாக அரைத்து, கொசுவலை அடித்த சட்டத்தில் அள்ளிப் பரப்பி, பழைய பனியன் துணியால் ஒற்றி எடுப்பாள். ஈரத்தாளைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி விட்டால், காய்ந்ததும் தானே கழன்று விழும். அதனால் பகலெல்லாம் அந்த வீட்டுச் சன்னலில் தெரு தெரியாது. காகிதம்தான் தெரியும்.

அதை வாழ்த்து அட்டையாக மடித்து, சருகில் பூவும் வெள்ளித்தாளில் நிலவும் வைத்து, உள்ளே இரண்டு வரி எழுதுவாள். 'நீங்கள் வந்து போன பிறகு வீடு பெரிதாகத் தெரிகிறது.' 'உங்கள் காய்ச்சல் சரியானதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.' கடைத்தெருவில் காகிதக்கடை நடத்தும் கடைக்காரம்மா, அட்டைகள் விற்றுப்போவதே அந்த இரண்டு வரிக்காகத்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார். சொல்லித்தான் அனுப்பினார். கடையை அவள் இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை.

காரணம் மாமனார். முப்பத்தைந்து வருடம் தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்துக் கட்டியவர். இப்போது நினைவு ஒவ்வொரு பக்கமாகக் கழன்றுகொண்டிருந்தது. ஒரு நாள் காலை, திறந்திருந்த கதவு வழியே இறங்கிப் போய் நாற்சந்தியில் பேருந்துகளுக்கு நடுவே நின்றுகொண்டு, டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று எல்லாரையும் விரட்டியிருக்கிறார். அன்றிலிருந்து இரும்புக் கதவுக்குப் பூட்டு. சாவி அவள் கழுத்தில், கறுப்புக் கயிற்றில்.

"சாவி உன்கிட்டதானே இருக்கு? உன்ன யாரு அடைச்சு வெச்சா?" என்பான் புருஷன்.

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. அவன் வேலைக்குப் போன பிறகு வரும்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவன் பிழைப்பு. எந்த நேரமும் அழைப்பு வரும் என்பதால் வீட்டின் ஒரே போனும் அவன் சட்டைப்பையில் போய்விடும். ஒரு நாள் வந்து சொன்னான்:

"இன்னைக்கு ஒரு அம்மா உள்ள மாட்டிக்கிச்சு. வெளிய எடுத்ததும் ஒரே அழுகை. நாப்பது நிமிஷத்துக்கே!"

"நாப்பது நிமிஷமா?" என்று கேட்டுவிட்டு அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

அட்டைகளைக் கடைக்குக் கொண்டுபோவது கீழ்வீட்டுத் தையல்காரி. நூல் வாங்க வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பக்கம் போவாள். அவள் காதில் விழுந்தது அரைமணியில் ஆறு தெருவுக்குப் போய்விடும் என்பதால் கட்டடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். ஒருமுறை அவள் திருப்பிக் கொண்டுவந்த வெறும் பைக்குள் கடைக்காரம்மாவின் சீட்டு இருந்தது.

'கடைக்குப் பின்னறையில் உட்கார்ந்து அட்டை செய்ய ஒரு ஆள் வேண்டும். ஒன்றாம் தேதியிலிருந்து வாரம் மூன்று நாள். நீங்கள் வர முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.'

அவள் அதை ஏழெட்டுத் தடவை படித்தாள். ஒரு மேசை. ஒரு சன்னல், அதில் தெரு. போகும்போதும் வரும்போதும் நடக்கலாம். புருஷனிடம் முதலில் கேட்டால் 'பாக்கலாம்' என்பான். அவன் பார்த்து முடித்தது ஒன்றும் இல்லை. ரேடியோவிடம் சொல்லி அனுப்பினால், கடைக்குப் போகும் முன்பே அவன் காதுக்குப் போய்விடும். எனவே எழுதினாள். கையில் இருந்ததிலேயே நல்ல தாளை எடுத்து, சின்னதாக மடித்து, பழக்க தோஷத்தில் ஓரத்தில் ஒரு சருகுப் பூவும் வைத்தாள்.

'வருகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிடுவேன். எனக்கு நாற்காலி ஒன்று போட்டு வையுங்கள்.'

வெள்ளிக்கிழமை காலை அதை அட்டைக்கட்டின் உச்சியில் வைத்தாள். அடுப்பில் பால் பொங்கும் சத்தம். ஓடிப் போய் இறக்கி, மேடையைத் துடைத்துவிட்டு வந்தபோது மாமனார் பையை மடியில் வைத்திருந்தார். அட்டைகளை அளவு பார்த்துப் பிரித்து நூல் கட்டுவது அவர் வேலை. அவரைச் சும்மா இருக்க வைக்க அவளே கொடுத்த வேலை.

"எல்லாம் பிரிச்சாச்சும்மா. கட்டு அனுப்பலாம்."

கதவுக்கு வெளியே ரேடியோ. "அம்மா தாயே, சீக்கிரம் குடு. வெயில்ல என் மண்டை காயுது."

அவள் பூட்டைத் திறந்தாள். "அக்கா, அதுல ஒண்ணு..." என்று தொடங்கினாள்.

"ஒண்ணு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

பை இறங்கிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை புருஷன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க."

"ம்."

"கடையில உக்காந்து வேலை செய்யக் கூப்பிடுறாங்க. மூணு நாளு. நான் வர்றேன்னு பதில் குடுத்துட்டேன்."

அவன் நிமிர்ந்தான். "நீயா? அப்பாவ யாரு பாத்துக்கிறது?"

"உங்க அக்காகிட்ட கேளுங்க. அவங்களுக்கும் அப்பாதானே?"

பதினான்கு வருடத்தில் அவள் அவனிடம் சொன்ன மிக நீளமான எதிர்ப்பேச்சு அது. அவன் நீட்டிய காலை மடக்கிக்கொண்டான்.

"பூனை மாதிரி இருந்துக்கிட்டு..." என்றான். ஆனால் போனை எடுத்தான். அவன் அக்கா தன் முழங்கால், முதுகு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் ஒரு சுற்று சொல்லி முடித்துவிட்டு, ஒரு மாதம் பார்க்கலாம் என்றாள்.

அடுத்த இரண்டு நாளும் அவள் செருப்பைத் துடைத்து வைத்தாள். வார் ஒன்று இற்றிருந்தது, தைத்தாள்.

நூல் தீர்ந்து மறுபடி கடைத்தெருவுக்குப் போயிருந்த ரேடியோ, புதன்கிழமை பையோடு வந்தாள். உள்ளே வருவதற்கு முன்பே ஒலிபரப்பு தொடங்கிவிட்டது.

"கடையில புது ஆள் வந்திருக்கு தெரியுமா? சின்னப் பொண்ணு. யாரையோ கேட்டு வெச்சிருந்தாங்களாம், பதிலே வரலையாம். சனிக்கிழமையே இவள உக்கார வெச்சுட்டாங்க. அங்க ஒரு ஆளுக்கு மேல கால் நீட்டவும் இடமில்ல."

அவள் பைக்குள் இருந்த சீட்டைப் பிரித்தாள்.

'உங்களிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை, வீட்டு நிலைமை தெரியும். இன்னொன்று. சின்ன அட்டைக் கட்டில், வருகிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று ஒன்று எழுதியிருந்தீர்களே, அது தட்டில் வைத்த அன்றே போய்விட்டது. பார்த்த இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள். அதே மாதிரி பத்து வேண்டும். வாசகத்தை மாற்ற வேண்டாம்.'

மாமனார் தன் இடத்தில் உட்கார்ந்து, அட்டைகளைத் தட்டி ஓரம் சேர்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எது சின்னதோ அது சின்னதோடு சேர வேண்டும். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு கடிதத்தைக்கூட அவர் தவறான கட்டில் போட்டதில்லை. அவரிடம் என்ன கேட்பது?

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றாள் ரேடியோ.

"பத்து அட்டை கேக்குறாங்க."

"நல்ல விஷயம்தானே!"

புருஷன் வந்து கேட்டுவிட்டு, "போகுது விடு. அக்காவுக்கும் முட்டி வலி" என்றான். போனில் அக்கா சந்தோஷப்பட்டது சமையலறைவரை கேட்டது.

மறுநாள் அவன் போனதும் கதவைப் பூட்டிவிட்டு எழுத உட்கார்ந்தாள். வருகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நாலாவது அட்டையில் எழுத்து நன்றாக வந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. மாமனார் ஒன்றை எடுத்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"யாரும்மா வர்றது?"

"யாரும் வரல மாமா."

"நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கே?"

அவர் எழுந்தார். மூலையில் இருந்த மர நாற்காலியைத் தரையில் கீச்சென்று இழுத்துக்கொண்டு போய்ப் பூட்டிய கதவுக்கு நேராகப் போட்டார். துண்டால் தூசி தட்டினார். தான் உட்காரவில்லை. பக்கத்தில் நின்று, கம்பிகள் வழியே படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து போய்ப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். சாவியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு, ஐந்தாவது அட்டையை எடுத்தாள்.