சுறாப்பல் கோத்த கயிறு

முக்கூடலில் பீடி சுற்றும் சுடலைவடிவுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். அதில் புருஷன் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் கால்வாசி தேறாது. லாரிக்காரனைக் கட்டினால் அப்படித்தான். பூதத்தான் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லோடு அடித்தான். மாதம் ஒருமுறை வருவான், இரண்டு நாள் தூங்குவான், போய்விடுவான்.

ஒருமுறை கல்லாகிப்போன ஒரு பல்லைக் கொண்டுவந்தான்.

"சுறா பல்லு வடிவு. அரியலூரு ஒரு காலத்துல கடலாம். இந்தச் சாதிச் சுறா இப்ப உலகத்துலயே கிடையாதாம். அதுக்கு எலும்பு பூராவும் குருத்தெலும்பு, மக்கிப் போச்சு. பல்லு மட்டும் கிடக்குன்னு சர்வே பண்ண வந்த சார் சொன்னாரு."

"ஒரு முழம் பூ வாங்கத் துப்பில்ல. செத்த மீனு பல்லைத் தூக்கிட்டு வந்திருக்கிய."

ஆனாலும் ஆசாரியிடம் கொடுத்து அதில் துளை போட்டு, கறுப்புக் கயிற்றில் கோத்து, அவன் இடுப்பில் கட்டிவிட்டவள் அவள்தான். பொங்கலுக்குப் பொங்கல் அரைஞாண் மாற்றும்போது பல்லைப் பழைய கயிற்றிலிருந்து உருவிப் புதியதில் கோப்பாள். அவன் கையைத் தூக்கிக்கொண்டு கூச்சத்தில் நெளிந்து நிற்பான். வருஷத்தில் அந்த ஒரு காலைதான் அவன் முழுசாக அவளுடையவன். அதற்காகவே மற்ற நாட்களைப் பொறுத்துக்கொண்டாள்.

போன மார்கழியில் லீவுக்கு வந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழவில்லை. பிள்ளை இல்லை, கொழுந்தன் மகன் மாரிராஜ் கொள்ளி வைத்தான். சுடுகாட்டில் முறைப்படி அரைஞாணை அறுத்தார்கள். மாரிராஜ் அதை அப்படியே ஆற்றில் வீசிவிட்டான். பெண்கள் போகாத இடம். அவள் கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

"ஏலே பாவி, எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதாம்லே!"

அதோடு சரி. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவள் யாரிடமும் பேச்சே வைத்துக்கொள்ளவில்லை. தட்டில் பீடி இலை காய்ந்து கிடந்தது.

மாரிராஜுக்கு மனசு கேட்கவில்லை. அரியலூருக்கே பஸ் ஏறி, பெரியப்பாவோடு லோடு அடித்தவர்களைப் பிடித்து, அதே சாதிப் பல் ஒன்றை வாங்கித் துளையும் போட்டுக் கொண்டுவந்துவிட்டான். பழையதைவிடப் பெரிது.

"சுறாவுக்குப் பல்லு விழுந்து விழுந்து முளைக்குமாம் பெரியம்ம. அங்கன எவ்வளவோ கிடக்கு" என்று நீட்டினான். ஊரெல்லாம் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த காலை. துக்க வீட்டில் அடுப்புகூடப் பற்றவைக்கவில்லை.

சுடலைவடிவு அதைத் தடவிப் பார்த்தாள். குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. உள்ளே போய், இந்தப் பொங்கலுக்கென்று முன்னமே டவுணில் வாங்கி வைத்திருந்த புதுக் கயிற்றை எடுத்துவந்தாள். பழக்கதோஷத்தில் கோத்தும் விட்டாள். முடிச்சுப் போடும்போதுதான் கை நின்றது.

"கயிறு இருக்கு. பல்லும் வந்துட்டு" என்றாள். "இடுப்புக்கு நான் எங்கனலே போவேன்?"