பாடி ரெடி

அன்று சாயங்காலம் முன்னறையில் டியூஷன் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கிராமர் நடத்திக்கொண்டிருந்தேன். கோடிட்ட இடத்தில் 'இன்' வருமா, 'ஆன்' வருமா என்று வழக்கமான மல்லுக்கட்டு. பக்கத்துத் தெருவில் தறி ஓடும் சத்தத்துக்கு மேலே கத்தவேண்டியிருந்தது. அப்போது அத்தானிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது.

அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர். நெஞ்சுவலி என்று அப்பாவைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம்; அவர்தான் துணைக்கு இருந்தார். மனுஷருக்கு எதையும் இங்கிலீஷில் எழுதினால்தான் சோறு இறங்கும்.

'ஃபாதர் பாடி ரெடி. பிரிங்கிங் ஹோம்.'

ஐயோ! காலையில்கூட அப்பா அத்தான் போனில் என்னோடு சிரித்துப் பேசினாரே! அத்தானைக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். திரும்பத் திரும்ப அதேதான். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன்.

அடுப்படியில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "என்னட்டி?" என்றாள்.

"அப்பாவக் கொண்டுட்டு வாராங்களாம்மா."

'கூட்டிட்டு' என்று என் வாயில் வரவில்லை. ஆளைக் கூட்டிட்டு வருவார்கள். கொண்டுட்டு வருவது வேறு. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, இது தெரியும். முறம் கவிழ்ந்தது. அவள் அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. யாரோ வாசலில் பெஞ்சை இழுத்துப் போட்டார்கள்.

பொழுது அடைகிற நேரத்தில் கார் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து அப்பா இறங்கினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

"ஏட்டி, யாரு வீட்டுல துட்டி? யாரு போயிட்டா?"

பின்னாலேயே இறங்கிய அத்தான் முன்னால் என் போனை நீட்டினேன்.

"உடம்பு சொகமாகி ரெடியாயிட்டுன்னுதான போட்டேன்? உடம்புன்னா பாடிதான?" என்றார்.

"பாடின்னா பொணம் அத்தான்! உங்க இங்கிலீஷுல இடி விழ!" என்று கத்தினேன்.

அதற்குள் அம்மா தலைவிரிகோலமாக வெளியே ஓடிவந்தாள். அப்பாவைக் கண்டதும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நெத்தியில குங்குமத்த எங்கட்டி?"

கேட்ட பிறகுதான் யார் வீட்டுத் துட்டி என்று அவருக்கு விளங்கியது. அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.