ரிவர்ஸ் போன வண்டி

தனக்கோடியின் காரில் ரிவர்ஸ் கியர் செத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அது அவருக்கும் மெக்கானிக் தேஜஸுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆஸ்டின் டவுன்காரர். பாதி ஆயுசு ஸ்டியரிங் பிடித்தே போனவர். போலீஸ்காரரிடம்கூட எகிறிப் பேசுவார். ஆனால் கியர்பாக்ஸைப் பிரிப்பது என்ற பேச்சு வந்தால் சட்டென்று வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார். இறக்கிப் பிரித்து, பல் உடைந்த சக்கரத்துக்கு உதிரி வரவழைத்து மாட்ட அஞ்சு நாள், இருபத்தஞ்சாயிரம் என்று தேஜஸ் சொல்லிவிட்டான். பணத்தை எங்கேயாவது புரட்டலாம். அஞ்சு நாளை எங்கே போய்ப் புரட்டுவது? கம்பெனிக்கு ஆள் ஏற்றும் டியூட்டி. மூணு நாள் வண்டி வராவிட்டால் அந்த இடத்தில் வேறு வண்டி வந்து நிற்கும். அப்புறம் அது நகராது.

அதனால் முன்னால் மட்டுமே போய்ப் பிழைத்தார். முட்டுச் சந்து என்றால் முனையிலேயே நின்று ஹாரன் அடிப்பார். நிறுத்தும்போது சரிவு தேடி, வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்துவார். பிரேக்கை விட்டால் தானாகப் பின்னால் உருளும்.

"என்னாங்க, தூக்கத்துல காலை உதைச்சிக்கினே இருக்கீங்க?" என்று மனைவி வீணா கேட்டாள்.

"கொசு" என்றார்.

அன்று காலை பின் சீட்டில் தாரணி. ஈரோட்டிலிருந்து வேலைக்கு வந்த பெண். மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஒரு வண்டி மட்டுமே போகிற சந்துக்குள் நுழைய வேண்டியதாயிற்று. பாதியில், எதிரே தண்ணீர் டேங்கர்.

"ஏ குரு, ஹிந்தே ஹோகு!" பின்னால் போகச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினான் டேங்கர்காரன்.

தனக்கோடி பின்னால் திரும்பிப் பார்த்தார். கியரை இழுத்தார். எலும்பை அரைப்பதுபோல் ஒரு சத்தம். வண்டி அசையவில்லை.

"என்னாச்சுங்ண்ணா?"

"ஒண்ணுமில்லமா. கொஞ்சம் டைட்டா இருக்கு."

டேங்கர்காரன் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். "இன்னாய்யா, ஏரோப்ளேனா ஓட்டுறே? பின்னால போவாதா?"

தாரணி பையை சீட்டில் போட்டுவிட்டு இறங்கினாள். டேங்கர்காரனோடு சேர்ந்து பானெட்டில் கை வைத்துத் தள்ளினாள். தனக்கோடி அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைத் திருப்பினார். முனைக்கு வந்து சேர்ந்தபோது அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"கம்ப்ளெயின்ட் போட்றாதமா. டியூட்டி பூடும்."

"போடலைங்ண்ணா. ஆனா ஃப்ளைஓவர் மேல போறப்ப மத்த கியரும் பூட்டிக்கிச்சுன்னா? பின்னாடி லாரி வருமே. நானுந்தானே உள்ள இருப்பேன்?"

ஒரு வாரமாகப் பயந்தவர்தான். அந்தப் பயத்தில் பின் சீட்டை அவர் ஒருதரம்கூடச் சேர்த்துக்கொண்டதில்லை. ஒரு ஆட்டோவை நிறுத்தி அவளை ஏற்றி அனுப்பினார். ஓரமாகவே உருட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்.

"அண்ணா, நேத்து ஒரு பழைய கியர் பெட்டி வந்துக்குது" என்றான் தேஜஸ். "நாளைக்கே மாட்டிடலாம். எவ்ளோ நாள் ஓடும்னு மட்டும் கேக்காதே."

ஒரே நாள். டியூட்டி தப்பிக்கும். வாயில் "சரி" வந்துவிட்டது. போன் அடித்தது, சூப்பர்வைசர் ஹரிஷ்குமார்.

"வண்டி எங்கய்யா?"

"அஞ்சு நாள் வராது சார்."

"அஞ்சா? மூணு நாளைக்கு மேல ரூல் என்னன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்." காலியான பின் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

போனைப் பையில் போட்டார். "பழசு வேணாம்டா. இதையே பிரி."

தேஜஸ் அடியில் படுத்து ஆயில் திருகைக் கழற்றினான். கறுப்பு எண்ணெயோடு இரும்புத் தூள் மினுங்கிக்கொண்டு இறங்கியது. கடைசியில் ஒரு உடைந்த பல் சட்டியில் டிங் என்று விழுந்தது. தனக்கோடி பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்தார்.

"நீ வூட்டுக்குப் போண்ணா."

"நான் எங்கடா போறது? நீ பிரி."